நடை சாத்தும் நேரம்

கோயில் யாத்திரைக்குத் திட்டம் போடுகிறவர்கள் தாளை எடுத்ததும் கோயில்களின் பெயரை வரிசையாக எழுதுவார்கள். நான் முதலில் எழுதுவது பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டி எங்கே நிற்கும் என்பதைத்தான். நடை சாத்தினால் திரும்பத் திறக்க நாலு மணி ஆகும். அதுவரை அந்த ஊரில் நிழல் உண்டா, தண்ணீர் உண்டா, அடுப்பு வைக்க யாராவது இடம் கொடுப்பார்களா, வயசானவர்கள் காலை நீட்டிப் படுக்கத் திண்ணையோ தோப்போ இருக்கிறதா என்று பார்ப்பேன். இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் காலையில் எந்தக் கோயில், மாலையில் எந்தக் கோயில் என்பது. எலவனாசூர்கோட்டையிலிருந்து வேன் பிடித்து, நாலு நாள் சுற்றில் நடுநாட்டுத் தலங்களுக்கு ஆட்களை அழைத்துப் போய், வழியெல்லாம் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிற வேலை என்னுடையது. இந்த வேலையின் உயிர் அந்த நாலு மணி நேரத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் ஊர் இந்தச் சுற்றுக்கு வாய்ப்பான ஊர். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற சாலையும், திருக்கோவிலூரிலிருந்து ஆசனூர் போகிற சாலையும் சந்திக்கிற இடம். பஸ்ஸில் இந்த வழியாகப் போகிறவர்களுக்கு இது டீ குடிக்கிற நிறுத்தம், அவ்வளவுதான். ஆனால் ஊருக்குள் இருக்கிற சிவன் கோயில் சுவர் முழுக்கக் கல்வெட்டு. ஊர்ப்பாகங்கொண்டருளிய மகாதேவர் என்று அந்தக் கல்வெட்டுகள் சொல்கிற சுவாமியை இன்று கிராம அர்த்தநாதீஸ்வரர் என்று கும்பிடுகிறோம். என் வண்டி எந்தத் திசைக்குப் போனாலும் இங்கே ஒரு கற்பூரம் ஏற்றாமல் கிளம்புவதில்லை. தேவாரம் பாடப்பெற்ற நடுநாட்டுத் தலங்கள் 22. நாலு நாளில் அத்தனையையும் பார்த்துவிட வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. என்னால் முடியாது என்று சொல்லிவிடுவேன். ஒரு நாளைக்கு மூன்று கோயில், மிஞ்சினால் நாலு. அதற்குமேல் போனால் கண்ணுக்குக் கோபுரம்தான் மிஞ்சும். சந்நிதி நினைவில் நிற்காது.

புறப்பட நல்ல மாதம் தை. அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு இருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சித்திரை வைகாசியில் பகல் பதினோரு மணிக்கே பிரகாரக் கல் கொதிக்கும். வெறுங்காலோடு வலம் வருகிற ஆயாக்கள் சந்நிதியைப் பார்ப்பார்களா, காலைப் பார்ப்பார்களா? தையில் இன்னொரு கொடுப்பினையும் உண்டு. பொங்கல் கழிந்து தை ஐந்தாம் தேதி தென்பெண்ணை நெடுக ஆற்றுத் திருவிழா. மணலூர்பேட்டை ஆற்றுக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளும் மணலில் இறங்கும். அன்றைக்கு ஆற்றங்கரையில் சிறுவள்ளிக் கிழங்கு குவித்து வைத்து விற்பார்கள். மண் ஒட்டிய கிழங்காகப் பார்த்து வாங்கி, மூன்று தண்ணீர் விட்டு அலசி, உப்புப் போட்டு வேகவைத்துத் தோலை உரித்து வாயில் போட்டால் மாவாகக் கரையும். எங்கள் பக்கத்தில் ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்விட்டுக் கிழங்கு வாங்காமல் வீடு திரும்பினால் பிள்ளைகள் விடமாட்டார்கள். யாத்திரை அந்த நாளோடு சேர்ந்தால் முதல் நாள் சாயங்காலப் பலகாரம் அதுதான்.

முதல் நாள் காலை ரிஷிவந்தியம். அங்கேயும் அர்த்தநாரீஸ்வரர்தான். லிங்கத்துக்குத் தேனபிஷேகம் செய்யும்போது அம்மையப்பன் உருவம் தெரியும் என்பது அந்தத் தலத்தின் சிறப்பு. தேனை நாங்களே கொண்டு போவோம். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற தேன் கிடைத்தால் அதைவிட மேல் எதுவும் இல்லை. அங்கிருந்து ஆதிதிருவரங்கம். தென்பெண்ணைக் கரையில் ரங்கநாதர் நெடுங்கிடையாகப் படுத்திருக்கிறார். ஒரே பார்வையில் அடங்காத மேனி. முகத்திலிருந்து பாதம்வரை மெல்லப் பார்த்து வரச் சொல்வேன். கோயில் வளாகத்தில் பழைய நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. சமைக்கிறவன் என்பதால் அதன் முன்னால் எனக்குக் கால் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். நெல்லைச் சேர்த்து வைக்கத் தனியாகக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள் என்றால் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருப்பார்கள்!

முதல் நாள் பகலுக்கு அடுப்பு மூட்டுவதில்லை. கட்டுச்சோறுதான். விடிகாலை மூன்று மணிக்கு வீட்டில் ஆரம்பித்துவிடுவோம். புளிக்காய்ச்சல் மட்டும் முந்தின நாளே தயார். போன வருஷத்துப் புளியாக இருக்க வேண்டும். புதுப்புளி பளிச்சென்று இருக்கும், ஆனால் ருசி தட்டையாக இருக்கும். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், எங்கள் பக்கத்து வேர்க்கடலை, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் தாளித்துக் கரைசலை ஊற்றி மிதமான தீயில் விட்டுவிட வேண்டும். எண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கிறவரைக்கும் இறக்கக் கூடாது. அந்த எண்ணெய்தான் சோற்றைக் கெடாமல் காக்கிற காவல். வறுத்துப் பொடித்த தனியா, வெந்தயம், எள் மூன்றும் கடைசியில். வெல்லம் ஒரு சிட்டிகை. வெங்காயம், பூண்டு, தேங்காய் எதுவும் கிட்டே வராது. கோயில் காரியம் என்பதும் ஒரு காரணம், வெயிலில் சோறு ஊசிப்போகக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

சோறு வடித்த கையோடு கிளறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டியில் சோற்றைப் பரப்பி, நல்லெண்ணெய் தெளித்து, ஆவி அடங்கிய பிறகுதான் காய்ச்சலைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் பருக்கை உடையாமல் உதிரி உதிரியாக நிற்கும். பிறகு இரண்டு மணி நேரமாவது ஊற வேண்டும். தயிர்ச்சோற்றுக்கு நேர்மாறு. சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டால் போதும். காலை ஆறு மணிக்குப் பால் சோறாக இருப்பது பகல் பன்னிரண்டுக்கு வண்டியிலேயே தோய்ந்து பதமான தயிர்ச்சோறாகிவிடும். தயிரையே ஊற்றிப் பிசைந்தால் சாப்பிடும் நேரத்தில் பல் கூசும். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயும் மோர்மிளகாயும்.

முதல் இரண்டு இரவும் தங்கல் திருக்கோவிலூரில். உலகளந்த பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மூலவர் மரத்தால் ஆன திருமேனி. ஓங்கித் தூக்கிய திருவடியோடு நிற்கிறார். சந்நிதிக்குள் நுழைந்ததும் எல்லோரும் தானாக அண்ணாந்து பார்ப்பார்கள். மழை இரவில் பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் ஒதுங்கி நின்ற இடைகழி இந்த ஊரில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்கிற அளவு இடம். நாலாவதாகப் பெருமாளே வந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தார்கள். வேனில் கடைசி இருக்கையில் இடம் போதவில்லை என்று முணுமுணுப்பு எழும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொன்னால் உடனே இடம் உண்டாகிவிடும். கீழையூர் வீரட்டானம், அந்தகாசுரனை வதைத்த தலம், அட்ட வீரட்டங்களில் ஒன்று. பக்கத்தில் பெண்ணையாற்றுக்குள் கபிலர் குன்று. பாரியின் நண்பர் வடக்கிருந்த இடம் என்று ஊர் சொல்கிற அந்தப் பாறையைக் கரையிலிருந்தே காட்டிவிட்டு நகர்வோம்.

இரண்டாம் நாள் காலை ஆற்றைத் தாண்டி அறகண்டநல்லூர். பாறைமேல் கோயில். அங்கிருந்து அண்ணாமலையைக் கண்டு ஞானசம்பந்தர் பாடினார். வானம் தெளிவாக இருந்தால் நமக்கும் அந்த மலை தெரியும். பதினொன்றரைக்கு எல்லோரையும் இறக்கிவிட்டால்தான் என் வேலை நடக்கும். காலையிலேயே திருக்கோவிலூர்க் கடைத்தெருவில் பச்சை மொச்சையும் கத்தரிக்காயும் வாங்கியிருப்பேன். தையில் மொச்சை இருக்கும்போது வேறு குழம்பை நினைப்பதே பாவம். தெரிந்தவர் தோப்பு ஒன்றில் அண்டாவை ஏற்றிவிட்டால், காய் நறுக்க, மொச்சை உரிக்க என்று ஆயாக்கள் தாங்களாகவே சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களை வேலை வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். உட்கார்ந்து மொச்சை உரிக்கும் கைதான் பேசும். அந்த நேரத்தில்தான் நான் சாயங்காலம் போகப் போகிற கோயிலின் கதையைத் தொடங்குவேன்.

சாயங்காலம் திருவெண்ணெய்நல்லூர். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணப் பந்தல் போட்டாயிற்று. ஒரு கிழவர் ஓலையோடு வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இதோ என்கிறார். மாப்பிள்ளை ஆத்திரத்தில் பித்தன் என்று ஏசுகிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். மூல ஓலை என்னிடம் இருக்கிறது, வா வெண்ணெய்நல்லூருக்கு என்று கிழவர் இழுத்துப் போகிறார். ஊர்ச் சபையார் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, வழக்கு கிழவர் பக்கம் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்த ஊரில் உன் வீடு எது என்று கேட்டதும் கிழவர் நேராக அருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார். இதுவரை சொல்லி நிறுத்துவேன்.

“அந்தப் பொண்ணு என்ன ஆச்சு தம்பி, பந்தல்ல உட்கார்ந்திருந்துச்சே?” என்று மொச்சை உரித்துக்கொண்டே ஒரு ஆயா கேட்டார்.

“அதைத்தான் ஆயா யாரும் கேக்கறதில்ல. அந்தப் பொண்ணும் சிவனையே நெனச்சிருந்து சிவலோகம் போனாங்கன்னு சேக்கிழார் சொல்றாரு.”

அன்று சாயங்காலம் வழக்கு நடந்த இடமாகக் காட்டப்படும் மண்டபத்தில் அந்த ஆயா உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கதை தெரியாமல் போயிருந்தால் அது அவருக்கு வெறும் கல் மண்டபம். பகலில் கதை உள்ளே இறங்கி, சோறும் இறங்கி, கொஞ்சம் தூங்கி எழுந்து, முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு போகிறவர் சந்நிதியில் நிற்கிற நிலையே வேறு. ஒரே நாளில் ஆறு கோயில் ஓட்டுகிற வண்டிகளில் இது நடக்காது. வழிகாட்டி மைக் பிடித்துக் கோயில் வாசலில் நின்று சொல்கிற கதை காதுக்குத்தான் போகும்.

பகல் நேரத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்ததற்குக் காரணம் பெரியபுராணம். சுந்தரர் திருக்குருகாவூருக்குப் போகும் வழியில் பசியும் தாகமும் வாட்டுகிறது. சிவபெருமான் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டு, வேதியராக உட்கார்ந்து, பொதிசோறும் தண்ணீரும் கொடுக்கிறார். அடியார்களும் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு எல்லோரும் படுத்துத் தூங்குகிறார்கள். எழுந்து பார்த்தால் பந்தலையும் காணோம், வேதியரையும் காணோம். திருக்கச்சூரில் உச்சிப் பொழுது. சோறு கொண்டுவருகிற பரிசனங்கள் வரவில்லை. கோயில் மதிலோரம் சுந்தரர் பசியோடு இருக்கிறார். கொளுத்துகிற வெயிலில் பெருமான் ஓட்டை ஏந்தி வீடு வீடாகப் பிச்சை எடுத்துவந்து அவருக்கு இடுகிறார். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் அப்பருக்கும் இதே கதை: சோலையும் குளமும் உண்டாக்கி, பொதிசோற்றோடு காத்திருக்கிறார். நடை சாத்தியிருக்கும் பகலில் சுவாமி எங்கே இருப்பார் என்று யாராவது என்னைக் கேட்டால் சேக்கிழாரைத்தான் கைகாட்டுவேன். வழியில், பொதிசோற்றோடு. அதனால்தான் தோப்பில் இலை போடும்போது எனக்கு அது கோயில் வேலைக்கு வெளியே இருக்கிற வேலையாகத் தெரிவதில்லை. வழியே போகிற யாராவது நின்று பார்த்தால் அவருக்கும் ஓர் இலை விழும். யார் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

அன்னதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2002-இலிருந்து அறநிலையத் துறைக் கோயில்கள் பலவற்றில் பகலில் அன்னதானம் நடக்கிறது. நல்ல சாப்பாடு, சுத்தமான இடம். ஆனால் அங்கே தினமும் இத்தனை பேருக்கு என்று கணக்கு வைத்துத்தான் உலை ஏற்றுவார்கள். ஒரு வேன் ஆட்கள் திடீரென்று பந்தியில் உட்கார்ந்தால், அந்த ஊரில் அந்த ஒரு வேளைச் சோற்றை நம்பி வருகிற முதியவர்களுக்கு இல்லாமல் போகும். எங்கள் ஆட்கள் அங்கே சாப்பிடுவதில்லை. ஆளுக்கு முடிந்ததை அன்னதான உண்டியலில் போடச் சொல்வேன்.

பெரிய கோயில்களில் மணி அடித்தால் நடை திறக்கும். சின்னத் தலங்களில் நேரம் குருக்கள் கையில். ஒருகாலப் பூஜை மட்டும் நடக்கிற கோயில்களில் குருக்கள் ஒருவரே மூன்று ஊருக்கு விளக்கேற்றுவார், சைக்கிளிலோ வண்டியிலோ. முந்தின நாளே போன் பண்ணி, “சாமி, நாளைக்கு எத்தனை மணிக்கு உங்களுக்குத் தோதுப்படும்?” என்று கேட்க வேண்டும். எங்கள் நேரத்தைச் சொல்லி அவரை வரச்சொல்வது தப்பு. எண்ணெய், திரி, பூ, அர்ச்சனைச் சாமான் எல்லாம் கொண்டு போய்விட வேண்டும், அந்த ஊரில் கடை இருக்காது. தட்டில் நோட்டு போடும்போது பெரிய கோயிலுக்குக் கொடுப்பதைவிட இங்கே கூடக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன்.

ஓட்டுநர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. அவருக்குச் சோற்றைக் கட்டுப்படுத்தி, காயும் ரசமும் கூடப் போட்டு, மோர் மட்டும் கொடுப்பேன். பகலில் தயிர்ச்சோறு அவர் இலைக்கு வராது. சாப்பிட்டதும் வண்டிச் சாவி என் கைக்கு வந்துவிடும். அவர் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால்தான் திரும்பக் கொடுப்பேன். ராத்திரி ஓட்டம் எங்கள் வண்டிக்குக் கிடையாது. எட்டு மணிக்குள் தங்கல். சென்னை திருச்சி நெடுஞ்சாலையில் விடியற்காலை நடக்கிற விபத்துகளைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். நரசிங்க முனையரையர் அவரைப் பிள்ளையாக எடுத்து வளர்த்ததும் இங்கே. அங்கிருந்து பண்ருட்டி. பகல் தங்கல் திருவதிகைக்குப் பக்கத்தில். அட்ட வீரட்டங்களில் இது முப்புரம் எரித்த தலம், கோபுரத்தில் சிற்பங்கள் பார்க்கப் பார்க்கத் தீராது. சூலை நோயில் துடித்த தம்பி அப்பருக்குத் திலகவதியார் திருநீறு கொடுத்த இடம். வயிற்று வலியோடு வருகிற ஒரு தம்பியை எதுவும் சொல்லிக் குத்தாமல் ஒரு அக்கா கோயிலுக்குக் கூட்டிப் போகிற கதை இது. பெண்கள் இந்தக் கதையைக் கேட்கும்போது நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். கேட்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படியொரு தம்பி இருக்கிறான்.

பண்ருட்டியில் முந்திரி வாங்காமல் யாரும் விடமாட்டார்கள். தையில் பலா கிடைக்காது. வைகாசி ஆனியில் போகிறவர்களுக்கு அந்த யோகம். முந்திரியில் முழுப்பருப்பைவிட உடைசல் விலை குறைவு, பாயசத்துக்கு அதுவே போதும். அன்றைக்குப் பகலில் நானும் ஒரு பாயசம் வைப்பேன்: சாமை, வெல்லம், முந்திரி உடைசல். பால் சேர்ப்பதில்லை.

நாலாம் நாள் விருத்தாசலம். விருத்தகிரீஸ்வரர் கோயிலில் முதலில் படி இறங்கி ஆழத்துப் பிள்ளையார். பிறகு 28 ஆகமங்களும் 28 லிங்கங்களாக இருக்கிற சந்நிதி. வெளியே மணிமுத்தாறு. இங்கே பெற்ற பன்னீராயிரம் பொன்னை சுந்தரர் இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார். தண்ணீர் இருக்கிற வருஷம் எல்லோரும் இறங்கிக் கால் நனைப்போம். இந்த ஆறு எங்கள் கல்வராயன் மலையிலிருந்து வருகிறது என்று சொன்னால், கரியாலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரைக் கையில் அள்ளி ஒருவருக்கொருவர் தலையில் தெளித்துக்கொள்வார்கள்.

சிலர் இன்னும் ஒரு நாள் சேர்த்து மலைக்குப் போகலாம் என்பார்கள். அப்படிப் போனால் அன்றைக்கு என் தாளில் பன்னிரண்டு மணிக் கணக்கு கிடையாது. மலைச் சாமிகளில் பலவற்றுக்கு மரத்தடிதான் கோயில், சாத்துவதற்குக் கதவில்லை. அங்கே கணக்கு வெளிச்சம். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணை, பிறகு கொண்டை ஊசி வளைவுகள். காலை ஆறுக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் வெள்ளிமலை. சாமையும் தேனும் கடுக்காயும் வாங்குவது அங்கேதான். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் நேராக வாங்க வேண்டும், பேரம் பேசக் கூடாது. மூன்று மணிக்கு இறங்க ஆரம்பித்தால்தான் இருட்டுவதற்குள் அடிவாரம். அன்றைக்குச் சாப்பாடு கூடப் புறப்படும்போதே கட்டின புளிச்சோறுதான், அடுப்பு எடுத்துப் போவதில்லை. கோடையில் சருகு காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும்.